கரை தெரியாத ஒரு நாள்: முதன்முறை குரூஸ் கப்பல் ஏறும் கொழும்புக்காரர்களுக்கு

நாலைந்து இரவுக் குரூஸ் பயணத்தில் ஒரு நாளாவது கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்தாலும் கடல், இரவு படுக்கும்போதும் கடல். நான் இதைக் கடல் நாள் என்று சொல்வேன். பயணச்சீட்டு எடுக்கும்போது என் அம்மா கவலைப்பட்டதும் இந்த நாளைப் பற்றித்தான். "தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன கப்பலில் சின்ன வயதில் போயிருக்கிறேன். அது கொஞ்ச நேரம். நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்டார்.

அந்த நாளை நிரப்பப் பார்க்காதீர்கள் என்பதுதான் என் பதில். வெள்ளவத்தையில் காலை ஆறு மணிக்கு எழுந்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, காலி வீதி நெரிசலில் நின்று வேலைக்குப் போகிற நமக்குச் சும்மா இருந்து பழக்கம் இல்லை. கப்பலில் ஏறியதும் அதே அவசரத்தோடு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓடுகிறோம். கடல் நாளில் நேரம் குறித்துப் போகிற காரியம் இரண்டு இருந்தால் போதும். மற்ற நேரத்துக்கு ஒரு கதிரை, கொஞ்சம் நிழல், கடல். ஆனால் அப்படி நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் சில வேலைகளை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கே ஏறுவது, எப்போது போவது

கொழும்புத் துறைமுகத்துக்குக் குரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வரும். வருகிற பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் வேறு நாட்டில் ஏறியவர்கள். கொழும்பில் புதிதாக ஆள் ஏற்றும் பயணங்கள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. எங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்தான் சுலபமான வழி. கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அங்கிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் அடிக்கடி உண்டு. இந்தியப் பக்கம் பார்த்தால், 2023 யூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் கரைகளுக்கு வந்தது நினைவிருக்கலாம். அப்படியான பயணங்களையும் விசாரியுங்கள். எதை எடுத்தாலும் அட்டவணையில் ஒரு முழுக் கடல் நாளாவது இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

விசா விஷயத்தில் கவனமாக இருங்கள். கப்பல் போகிற ஒவ்வொரு நாட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கரையில் இறங்கப் போவதில்லை என்றாலும், விசா இல்லாதவரைக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள் என்ற நிலை சில பயணங்களில் உண்டு. ஒரே நாட்டுக்குள் இரண்டு முறை நுழைவதாக இருந்தால் அதற்கேற்ற விசாவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பருவம். மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்கு, தெற்குக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதைக் காலி முகத்திடலில் நின்றாலே பார்க்கலாம். வயதானவர்களோடு முதல் முறை போவதென்றால் பெப்ரவரி, மார்ச்தான் என் தெரிவு.

மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போய்ப் படகில் வாந்தி எடுத்ததால், கப்பல் நமக்குச் சரிவராது என்று ஒதுங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சின்னப் படகு ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கும். பெரிய கப்பலின் எடையும் நீளமும் வேறு. நீருக்கடியில் இரு பக்கமும் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகளும் உண்டு. ஆட்டம் அறவே இருக்காது என்று சொல்லமாட்டேன். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ் மாடியாகக் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. உயரத்திலும் முன்முனையிலும் உள்ள அறைகள் விலை கூடியவையாக இருக்கலாம், ஆனால் தலைசுற்றல் உள்ளவருக்கு அவை ஆகாது.

கையில் கொண்டுபோகும் பை

ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே பிரஷர், சீனி வியாதிக் குளிசைகள், கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு, நீச்சல் உடுப்பு எல்லாம் தோளில் போடும் பையில் இருக்கட்டும். குளிசைகளைப் பயண நாட்களைவிட நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் கட்டணம் டொலரில், அதுவும் கனக்கும். கப்பல் பயணத்துக்கும் செல்லுபடியாகும் காப்புறுதி எடுத்துவிட்டுப் போங்கள்.

தலைசுற்றலுக்கான குளிசையை உங்கள் வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். ஆட்டம் தொடங்கி வயிறு குமட்டிய பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது, முன்கூட்டியே போட வேண்டும். சிலருக்குத் தூக்கம் வரும். அதோடு இஞ்சி பிஸ்கட் ஒரு பைக்கற், கொஞ்சம் வேர்க்கொம்பு. கப்பல் ஆடும்போது வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. அறைக்குள் படுத்துச் சுவரைப் பார்க்காமல் வெளியே வந்து வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். காதுக்குள் உணரும் ஆட்டத்தைக் கண்ணும் கண்டுவிட்டால் மூளையின் குழப்பம் குறையும். அம்மாவுக்குக் குளிசையைவிட இதுதான் உதவியது.

கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. கப்பலில் எதற்கும் மேலாக அஞ்சுவது தீயை. ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், மெழுகுதிரி, ஊதுபத்தி, கற்பூரம் எதற்கும் அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க முடியாத அம்மாவுக்கு நான் பற்றரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தேன். முருகன் படத்துக்கு முன்னால் அது மூன்று இரவும் எரிந்தது. நம் வீட்டுப் பிளக் அங்கே பொருந்தாமல் போகலாம் என்பதால் அடப்டர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கைக்கடிகாரமும் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஏறிய நாளில் முடிக்க வேண்டியவை

கடல் நாளுக்கு முதல் நாள் பெரும்பாலும் ஏறும் நாளாக இருக்கும். அன்றே இவற்றை முடித்துவிடுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம். 2012இல் இத்தாலிக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா என்ற குரூஸ் கப்பல் கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறிய பலர் இந்தப் பயிற்சியைப் பெற்றிருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியே மாறியது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அவசர நிலை. அப்போது நீங்கள் போய்க் கூட வேண்டிய இடம் எது என்று, ஏறும்போது தரும் கப்பல் அட்டையில் எழுதியிருக்கும். அட்டையைப் பார்த்ததோடு நிற்காமல், அறையிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு தடவை படிக்கட்டு வழியாக நடந்து பாருங்கள். அவசரத்தில் லிப்டை நம்ப முடியாது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடவுங்கள்.

நடந்த கையோடு கப்பலைச் சுற்றிப் பாருங்கள். நீச்சல் தடாகம் இருக்கும் மேல்தளத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது கீழே, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் மட்டத்தில், கப்பலின் ஓரமாக ஓடும் நடைபாதை. பல கப்பல்களில் நான்காம் அல்லது ஐந்தாம் மாடியில் இருக்கும். இரைச்சல் இல்லை, கடல் பக்கத்தில், பெரும்பாலும் ஆளும் இல்லை. உங்கள் கடல் நாளின் பாதி அங்கேதான் கழியப் போகிறது.

கப்பல் கரையை விட்டதும் கைத்தொலைபேசியை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றுங்கள். இதை மறந்தால் வரும் செலவு சின்னதல்ல. நடுக்கடலில் கப்பலுக்கென்று செய்மதி வழியாக இயங்கும் ஒரு கைத்தொலைபேசி வலையமைப்பு உண்டு. உங்கள் தொலைபேசி தானாக அதில் இணைந்துகொள்ளும், கட்டணமோ சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு. என் தம்பி ஒரு இரவு மட்டும் மறந்தான். படங்கள் தாமாகவே மேலேறியதற்கு வந்த பில் அடுத்த மாதச் சம்பளத்தைக் கடித்தது. வேலைக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் கப்பலின் வைஃபை வாங்கலாம். முடியுமானால் அதுவும் வேண்டாம். "இரண்டு நாள் பேச முடியாது" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டையும் அன்றே ஒழுங்கு செய்யுங்கள். சைவம், ஹலால், மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையெல்லாம் பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கப்பலில் ஏறியதும் சாப்பாட்டு மண்டபப் பொறுப்பாளரிடம் மறுபடி நேரில் சொல்லுங்கள். நாளைக்குச் சோறும் பருப்பும் கிடைக்குமா என்று முதல் நாள் இரவே கேட்டால், பல கப்பல்களில் செய்து தருகிறார்கள். சமையலறையில் இந்தியர்கள் நிறைய இருப்பது நமக்கு வாய்ப்பு. அம்மா இரண்டாம் நாளே ரசம் வாங்கிக் குடித்தார்.

எதற்கும் கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. கப்பல் அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறும். அதனாலேயே கவனம் வேண்டும். மூன்று நேரச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சி, தடாகம் எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கும். சோடா, மது, சிறப்பு உணவகம், மசாஜ், கப்பல் புகைப்படக்காரரின் படம் எல்லாம் தனி. ஊழியருக்கான சேவைக் கட்டணமும் ஒருவருக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று டொலரில் தானாகவே ஏறும். அதை உங்கள் வரவு செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

கொழும்பை விட்ட இரவு

கொழும்பில் ஏறிக் கிழக்கே போகிறவர்களுக்கு இது. தெற்கே திரும்பும்போது வலப்பக்கம் சூரிய அஸ்தமனம், இடப்பக்கம் கொழும்பு விளக்குகள். தாமரைக் கோபுரம் வெகு நேரம் தெரியும். மாலை ஆறு மணியளவில் புறப்பட்டால் பதினொரு மணிவாக்கில் இடப்பக்கத் தளத்துக்குப் போய் நில்லுங்கள். தீவின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக் கலங்கரை விளக்கு வீசும் ஒளியைக் காண வாய்ப்புண்டு. 1889இல் கட்டியது, 49 மீற்றர் உயரம், நாட்டிலேயே உயரமான கலங்கரை விளக்கு. நம்மவர்களுக்கு அந்த முனை இன்னொரு வகையிலும் முக்கியம். 1588இல் போர்த்துக்கேயர் இடித்த தொண்டேச்சரம் கோயில் நின்ற கரை அது. நாங்கள் நின்றபோது சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அவற்றுக்கு அப்பால் அந்த ஒளி சுழன்று சுழன்று வந்தது. அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டார். அதற்குப் பிறகு கரை இல்லை.

படுக்கப்போகும் முன் அடுத்த நாள் நிகழ்ச்சித் தாளைப் பாருங்கள். அறைக்கே வரும், அல்லது கப்பலின் செயலியில் இருக்கும். பதினைந்து இருபது விஷயம் போட்டிருப்பார்கள். இரண்டை மட்டும் பேனையால் சுற்றுங்கள். நாங்கள் காலையில் கப்பல் சமையலறை பற்றிய பேச்சு ஒன்றும், இரவு மேடை நிகழ்ச்சி ஒன்றும் வைத்துக்கொண்டோம்.

கடிகாரம் எதற்கு என்று சொல்கிறேன். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். கிழக்கே போகும்போது வழியில் இரவோடிரவாகக் கப்பல் நேரத்தை முன்னே தள்ளுவார்கள். விமான நிலையில் இருக்கும் தொலைபேசி இதை அறியாது. கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டு அதையே பாருங்கள்.

கடல் நாள்

விடியுமுன் எழும்புங்கள். ஓய்வு நாளில் இது எதற்கு என்று தோன்றலாம். மத்தியானம் எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம், இந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது. தளங்களைக் கழுவிவிட்ட ஈரம், ஒன்றிரண்டு பேர் நடை, மற்றபடி காற்று மட்டும். தேத்தண்ணி எந்நேரமும் கிடைக்கும், ஆனால் நமக்கு அது சாயம் போதாது. வீட்டிலிருந்து நல்ல தேயிலைப் பை ஒரு பிடி கொண்டுபோய் வெந்நீர் மட்டும் எடுத்துப் போட்டுக் குடியுங்கள்.

காலைச் சாப்பாட்டை ஏழரைக்கு முன் முடித்தால் வரிசை இருக்காது. ஒன்பது மணிக்கு அது மருதானைச் சந்தி. ஒவ்வொரு முறையும் சாப்பிடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் கிருமிநீக்கி ஜெல் மட்டும் போதாது. கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றோட்டம் ஜெல்லுக்கு அவ்வளவாக மசியாது, சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் வேண்டும்.

அடுத்து உங்கள் கதிரை. எந்தப் பக்கம் என்று யோசித்து உட்காருங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை சூரியன் நமக்குத் தெற்காகச் சாய்ந்திருக்கும். கப்பல் கிழக்கே போகிறதென்றால் இடப்பக்கம் நாள் முழுவதும் நிழல். கொழும்பை நோக்கித் திரும்பி வரும்போது வலப்பக்கம் நிழல். வடகீழ்ப் பருவக்காற்றும் அந்தப் பக்கமாகவே வரும் என்பதால் குளிர்ச்சியும் உண்டு. காற்று பலமாக இருந்தால் தொப்பிக்கு நாடா வேண்டும்.

வெயிலைக் குறைத்து எண்ணாதீர்கள். "நாங்கள் கொழும்பு வெயிலில் வளர்ந்தவர்கள்" என்று சொல்லித் தடாகத்தோரம் படுத்தவர்கள் இரவில் முதுகு எரிந்து தூங்காமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். கப்பல் ஓடும் காற்றில் சூடு உறைக்காது, தோல் மட்டும் எரியும். பத்து மணி தொடக்கம் மூன்று மணி வரை நிழலில் இருங்கள். தடாகத்தில் இறங்க ஆசை என்றால் காலை எட்டு மணிக்குப் போங்கள், தண்ணீரும் சுத்தம், இடமும் உண்டு. சாரத்தோடு இறங்க விடமாட்டார்கள். துவாயை அவர்களே தருவார்கள், திருப்பிக் கொடுக்காவிட்டால் அதற்கும் கணக்கில் ஏறும்.

உட்கார்ந்து என்ன பார்ப்பது? முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. கண் பழகிய பிறகு கப்பல் கிழித்துப் போகும் நுரைக்குப் பக்கத்தில் பாருங்கள். வெள்ளி ஊசிபோல் ஏதோ நீரிலிருந்து எழும்பி, அலையோடு அலையாக வெகுதூரம் மிதந்து போய் விழும். அதுதான் பறவைக்கோலா, பறக்கும் மீன். கப்பல் துரத்துகிறதென்று எண்ணி அவை பறக்கின்றன. ஒன்றைக் கண்டுவிட்டால் பிறகு கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஓங்கில்கள் (டொல்பின்கள்) வந்தால் யாராவது கத்திச் சொல்வார்கள். நம் தெற்குக் கடலில் நீலத் திமிங்கிலமும் உண்டு. தூரத்தில் புகைபோல ஒரு நீர்த்தூவல் எழுந்தால் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். நிறமும் மாறும்: கரையோரப் பச்சை போய், ஆழம் கூடக்கூட மை ஊற்றியதுபோல் கருநீலமாகும். இரண்டு மணி நேரம் போனதே தெரியாமல் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் பின்னல் இருந்தது, ஒரு வரிசைகூட ஏறவில்லை.

பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுவர் கழகம் உண்டு, கழிப்பறை பழகியிருக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள், அவர்களுக்கும் அது திருவிழா.

மத்தியானச் சாப்பாட்டை பன்னிரண்டுக்கு முன் அல்லது இரண்டுக்குப் பின் வையுங்கள். பஃபே மேசையைக் கண்டதும் எல்லாவற்றிலும் கொஞ்சம் போடத் தோன்றும். முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுப் பிறகு கோப்பையை எடுங்கள். சீனி வியாதி உள்ள அப்பா அம்மாவோடு போகிறவர்கள் இனிப்பு மேசைக்குத் தூரமாக உட்காருங்கள். சொல்லித் தடுப்பதைவிட இது பலிக்கும்.

பிறகு அறைக்குப் போய் யன்னலை மூடிவிட்டுத் தூங்குங்கள். கப்பலின் மெல்லிய தாலாட்டில் வரும் மத்தியானத் தூக்கத்துக்கு நிகராக நான் வேறொன்றையும் அனுபவித்ததில்லை. மசாஜ் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: கடல் நாளில்தான் அதன் விலை உச்சம். துறைமுக நாளில் எல்லோரும் இறங்கிப் போனபின் கேட்டால் பெரும்பாலும் விலைக்கழிவு கிடைக்கும்.

மாலையும் இரவும்

கிழக்கே போகும் கப்பலில் சூரியன் பின்பக்கம் விழும். அரை மணி நேரம் முன்னதாகவே பின்தளத்துக்குப் போய் இடம் பிடியுங்கள். கப்பல் விட்டுச்செல்லும் வெண்தடம் நேராகச் சூரியனை நோக்கி நீண்டு கிடக்கும். ஒரு படம் எடுத்துவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் கொஞ்சம் நன்றாக உடுத்தச் சொல்வார்கள், அது பெரும்பாலும் கடல் நாளாகவே இருக்கும். கோட் சூட் தேடி அலைய வேண்டாம். சேலை போதும், வேட்டியும் நல்ல சட்டையும் தாராளமாகப் போதும். அம்மாவின் காஞ்சிபுரத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பேசினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே படுக்கப் போகாதீர்கள். வெளிச்சம் குறைந்த தளம் எது என்று ஊழியரிடம் கேட்டு ஐந்து நிமிடம் இருளில் நின்று கண்ணைப் பழக்குங்கள். கொழும்பில் நாம் காணாத வானம் அது. பெப்ரவரி இரவில் கிழக்கே போகும் கப்பலின் வலப்பக்கம், தெற்கே, தனியாகப் பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். மேலே ஒரியன் நட்சத்திரக் கூட்டத்தின் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும்.

மறுநாள் துறைமுகம் என்றால் படுக்கும் முன் கடவுச்சீட்டு, கப்பல் அட்டை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். கப்பல் பெரும்பாலும் அதிகாலையில் கரை சேரும். இரண்டு நாளாகக் காலுக்கடியில் இருந்த இயந்திர அதிர்வு நின்றதும் தானாக விழிப்பு வந்துவிடும்.